மெஸ்கால் சுவைப்பது எப்படி? புகையைத் தாண்டி ஒரு மிடறு

மெக்சிகோவின் கற்றாழைச் சாராயமான மெஸ்காலை முதல்முறை வாயில் வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: "புகை." சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், வாசற்படியில் நின்று வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதுபோல ஆகிவிடும். புகைக்குப் பின்னால் ஒரு செடியும், ஒரு மண்ணும், காய்ச்சியவரின் கையும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகத்தான் இந்தப் பதிவு.

முதலில், எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மெஸ்கால் என்பது மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலிலிருந்து வந்த சொல். 'மெத்ல்' என்றால் கற்றாழை, 'இஷ்கல்லி' என்றால் சுட்டது. நம்மூர் ரயில் பாதை ஓரங்களில் வேலியாக நிற்கும் ரயில் கற்றாழை மெக்சிகோவிலிருந்து வந்தது. அதன் இனத்துச் செடிகளிலிருந்துதான் மெஸ்கால் வருகிறது. சோற்றுக்கற்றாழையை நினைத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு குடும்பம்.

மெக்சிகோவின் தெற்கே வஹாகா மாநிலத்தில் இதைக் காய்ச்சும் இடத்துக்குப் பலேங்கே என்று பெயர். இலைகளைச் சீவி எடுத்த கற்றாழைத் தலைகளை, சூடேறிய கற்கள் நிரம்பிய மண்குழியில் அடுக்கி, மண் போட்டு மூடிவிடுகிறார்கள். மூன்று நாள், சில இடங்களில் ஐந்து நாள் அப்படியே வேகும். புகைவாசம் ஏறுவது இங்கேதான். வெந்ததைச் சில ஊர்களில் மரக்கட்டையால் இடிப்பார்கள். சில ஊர்களில் குதிரை இழுக்கும் பெரிய கல்சக்கரத்தால் நசுக்குவார்கள். நம் செக்கைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. பிறகு மரத்தொட்டியில், காற்றிலும் தொட்டியிலும் தானாக இருக்கும் ஈஸ்ட்டால் புளிக்கவிட்டு, பெரும்பாலும் இருமுறை வாலையில், அதாவது சாராயம் வடிக்கும் கலனில், வடிக்கிறார்கள்.

இனி பாட்டில். லேபிளைப் பொறுமையாகப் படியுங்கள். மெக்சிகோ அரசின் 2016ஆம் ஆண்டுத் தர விதி மூன்று வகைகளைச் சொல்கிறது. வெறும் 'மெஸ்கால்' என்று இருந்தால் நீராவி அழுத்தக் கலனும் தொடர்ச்சியாக வடிக்கும் கோபுர வாலையும் பயன்பட்டிருக்கலாம். 'அர்த்தெசனால்' என்றால் குழி அல்லது கல் அடுப்பில் சுட்டு, நேரடி நெருப்பில் செம்பு வாலையிலோ மண்பானையிலோ வடித்தது. 'அன்செஸ்த்ரால்' என்றால் குழியில் சுட்டு, மண்பானையில் மட்டுமே வடித்தது. மூன்றுக்கும் ஆல்கஹால் அளவு 35 முதல் 55 சதவீதம் வரை இருக்கலாம். நான் 45க்குக் குறைந்ததை வாங்குவதில்லை. தண்ணீர் கூடக்கூட வாசனை தளர்ந்துபோகிறது.

நல்ல பாட்டிலில் கற்றாழை வகை, ஊர், காய்ச்சியவர் பெயர், தொகுதி எண் எல்லாம் இருக்கும். முதல் பாட்டிலுக்கு எஸ்பதீன் வகையே போதும். பயிரிடப்படுவது, ஆறேழு ஆண்டுகளில் முற்றிவிடுவது. தெபெஸ்தாத்தே என்ற காட்டுக் கற்றாழை முற்ற இருபது ஆண்டுக்கு மேலும் ஆகலாம். கற்றாழை வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும், பூத்ததும் சாகும். சர்க்கரை முழுவதும் தலையில் சேர வேண்டும் என்பதற்காகப் பூந்தண்டு எழும்போதே அதை வெட்டிவிடுகிறார்கள். ஆகவே அந்தச் செடியிலிருந்து விதை கிடையாது. அதன் பூவை நம்பியிருக்கும் வௌவாலுக்குத் தேனும் கிடையாது. காட்டு வகைகளைப் பழகாத நாக்கோடு திறப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. எஸ்பதீனில் நாக்கைப் பழக்கிவிட்டுப் பிறகு அவற்றிடம் போங்கள்.

பாத்திரம். வஹாகாவில் ஹிக்காரா என்ற சின்னக் குடுவையில் தருவார்கள். நம் திருவோட்டுக்காய் மரத்தின் காய் போன்றதொரு காயைப் பாதியாக அறுத்துக் காயவைத்துச் செய்வது அது. உங்களிடம் இல்லையென்றால் வாய் அகன்ற சின்னக் கண்ணாடிக் கிண்ணம் போதும். ஒரே மடக்கில் கவிழ்க்கும் ஒடுங்கிய ஷாட் கிளாஸ் மட்டும் வேண்டாம். அதில் வாசனை விரியாது. ஐஸ், உப்பு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். அறை வெப்பத்திலேயே 15 மில்லி ஊற்றுங்கள்.

ஊற்றும்போது சற்று உயரத்திலிருந்து ஊற்றிக் கவனியுங்கள். ஓரத்தில் குமிழிகள் மாலைபோலச் சேர்ந்து நிற்கும். அவற்றை அங்கே 'முத்துகள்' என்கிறார்கள். காய்ச்சுகிறவர் நாணல் குழாயால் உறிஞ்சி, குடுவையில் விட்டு, முத்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தே வீரியத்தைச் சொல்லிவிடுவார். ஏறத்தாழ 45 முதல் 55 சதவீதத்தில் அவை நன்றாக நிற்கும். நீர்த்ததில் சட்டென்று உடைந்துவிடும்.

அடுத்து, இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, ஆல்கஹால் பறந்த பிறகு முகர்ந்து பாருங்கள். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் வாசனை வருகிறதா? வெந்த கற்றாழையின் மணம் அதுதான். புகையை விலக்கி முதன்முதலாகச் செடியைச் சந்திக்கும் இடம் இதுவே. இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள்.

இப்போது கிண்ணத்தை முகருங்கள். மூக்கை உள்ளே நுழைக்க வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். வாயை லேசாகத் திறந்து, கிண்ணத்தை முகவாய்க்கு நேரே பிடித்து, மெதுவாக மூக்குக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொரு வாசனை கிடைக்கும்.

சுவைப்பதை மெக்சிகோவில் 'முத்தம் முத்தமாக' என்று சொல்வார்கள். அதாவது உதடு நனையும் அளவுதான். முதல் முத்தம் சுவைக்க அல்ல, வாயைத் தயார்செய்ய. நாக்கு திகைத்து, ஆல்கஹாலையும் புகையையும் மட்டுமே சொல்லும். விட்டுவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது. இதை நாக்கில் பரவவிட்டு, விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். வெல்லம், பச்சை மிளகாய், நனைந்த மண், பழுத்த பழம் என்று ஏதாவது வரும். பெயர் தெரியாவிட்டாலும் எதை நினைவுபடுத்துகிறதோ அதையே எழுதி வையுங்கள். பாட்டியின் சமையலறை என்று தோன்றினால் அதையே எழுதுங்கள். மூன்றாவது மிடறில், சுவை எவ்வளவு நேரம் தொண்டையில் தங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

கிண்ணத்தில் தண்ணீர் சேர்க்காதீர்கள். மெஸ்கால் காய்ச்சும் பல மெஸ்கலேரோக்கள், வடிப்பில் முதலில் வரும் தலைப்பகுதியையும் கடைசியில் வரும் வால்பகுதியையும் அளந்து கலந்தே வீரியத்தை நிறுத்தியிருப்பார்கள். அதை நாம் கலைக்க வேண்டாம். தண்ணீரைத் தனியாக, தாராளமாகக் குடியுங்கள். ஆரஞ்சுத் துண்டும், கற்றாழைப் புழுவை வறுத்து மிளகாயோடும் உப்போடும் பொடித்த தூளும் அங்கே கூடவே வைப்பார்கள். அருமையான சேர்க்கைதான், ஆனால் முதல் சுற்று முடியட்டும்.

நன்றாகப் பழக ஒரு வழி உண்டு. ஒரே எஸ்பதீன் வகையில், செம்பு வாலையில் வடித்தது ஒன்று, மண்பானையில் வடித்தது ஒன்று என இரண்டை அருகருகே வையுங்கள். மண்பானை மெஸ்காலுக்கு வஹாகாவின் சாந்தா கத்தரீனா மீனாஸ் ஊர் பேர்போனது. செம்பில் வடித்தது பெரும்பாலும் தெளிவாகப் பேசும். பானையில் வடித்தது கனமாக, ஈரமண் மணத்தோடு வாயில் உட்காரும். கற்றாழை ஒன்றாக இருந்தும் சுவை மாறுவதை ஒருமுறை உணர்ந்துவிட்டால், காய்ச்சியவரின் பெயரை லேபிளில் ஏன் தேடச் சொன்னேன் என்பது விளங்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு வகை போதும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு. குடித்துவிட்டு வண்டியைத் தொடவே கூடாது.

கிண்ணம் காலியானதும் உடனே கழுவிவிடாதீர்கள். பத்து நிமிடம் விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். புகை பெரும்பாலும் போயிருக்கும். உள்ளங்கையில் வந்த அதே சுட்ட கிழங்கு வாசனை அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.