சீட்டில் ஊசி பெயரை எழுதித் தந்தால் என்ன கேட்பது

2021 மே முதல் வாரம். சித்தப்பாவுக்குக் கொரோனா. மருத்துவமனையில் ஒரு சீட்டை நீட்டி, "ரெம்டெசிவிர் ஊசி ஆறு வேணும், எங்கேயாவது வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்கள். ஆதார், ஆர்டி-பிசிஆர் முடிவு, சிடி ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு அந்த ஊசியை விற்ற சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் இரண்டு நாள் நின்றேன். நானே மருந்துக் கடைக்காரன். எனக்கே ஒரு கேள்வியும் எழவில்லை.

நீங்களாவது கேளுங்கள். முதல் கேள்வி: "டாக்டர், இது உயிரைக் காப்பாற்றுமா, குணமாகும் நாளைக் குறைக்குமா?" இரண்டும் வேறு. ஓர் ஆய்வில் ரெம்டெசிவிர் போட்டவர்கள் 15 நாளுக்குப் பதில் 10 நாளில் தேறினார்கள். ஆனால் 30 நாடுகளில் நடந்த ஆய்வில் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. நான் வரிசையில் நிற்பதற்கு ஆறு மாதம் முன்பே, 2020 நவம்பரில், உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. 2022இல் புதிய தரவுகள் வந்ததும் சிலருக்குத் தரலாம் என்று மாற்றிக்கொண்டது. மாற்றி மாற்றிப் பேசுகிறார்களே என்று திட்டுபவர்கள் உண்டு. காரணம் சொல்லி மாற்றிக்கொள்பவரைத்தான் எனக்கு நம்பத் தோன்றுகிறது.

அடுத்து, "போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா?" பக்கத்து வீட்டுக்காரர் பிளாஸ்மா (கொரோனாவிலிருந்து குணமானவரின் ரத்தத்திலிருந்து பிரித்த நீர்) ஏற்றிப் பிழைத்தார் என்பது பதில் ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் பிளாஸ்மாவைச் சோதித்தது. ஏற்றாதவர்களைவிட ஏற்றியவர்களுக்குப் பலன் கூடவில்லை. கடைசிவரை எனக்கு ஊசி கிடைக்கவில்லை. சித்தப்பா ஆக்சிஜனிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்திலும் தேறி வீட்டுக்கு வந்தார். ஊசி கிடைத்திருந்தால் இன்றுவரை அதன் புகழைத்தான் பாடிக்கொண்டிருப்பேன்.

டெக்சா என் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பழைய மருந்து. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது அதுதான். அதற்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை! ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதிலும் பலனில்லை. ஆகவே "இவருடைய இப்போதைய நிலைக்கு இது பொருந்துமா?" என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சோதனை மருந்து என்று கையெழுத்துக் கேட்டால் படிவத்தைத் தமிழில் வாங்கிப் படியுங்கள். அந்த மருந்துக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. இடையில் விலகவும் உரிமை உண்டு. ஒரு பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சோதனையில் சேர்பவர்களின் நலனைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில்தான் இருக்கும்.