பழைய ஃபிலிம் கேமராவில் ரோல் போடும் முன்

பரணில் கிடந்த ஃபிலிம் கேமரா கிடைத்ததும் ரோல் போட்டுவிடாதீர்கள். பின்கதவைத் திறந்து, ஓரப் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சை விரலால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் நைந்துவிட்டது என்று அர்த்தம். வெளிச்சம் கசிந்து கலர் படத்தில் செம்மஞ்சள் கோடு விழும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துப் புதிது ஒட்டுங்கள். ஷட்டர் திரையில் மட்டும் விரல் படவே கூடாது.

அப்புறம், ரோல் போட்டதும் ரீவைண்ட் குமிழை (ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ்) மெதுவாகத் திருகித் தொய்வை எடுங்கள். ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபிலிம் நகரவில்லை. எனக்கு 36 படமும் அப்படிப் போயிருக்கிறது. இன்னும் மனசு ஆறவில்லை.

வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் செத்திருந்தாலும் படம் எடுக்கலாம். நல்ல வெயிலில் லென்ஸ் துளையின் அளவை எஃப் 16-இல் வையுங்கள். ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 200 ஃபிலிமுக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி சரியாக இருக்கும்.