கேம்பர் வேனில் பேட்டரி ஏறவில்லையா? புதியது வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேன் பகலில் நான்கு மணி நேரம் ஓடியிருக்கிறது. பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கே விளக்கு மங்குகிறது. குளிர்பதனப் பெட்டி ஒருமுறை முனகிப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. உடனே பழி பேட்டரியின் மேல் விழும். நானும் அப்படித்தான் பழி போட்டுப் புதியது வாங்கி மாட்டினேன். மூன்றாவது வாரம் அதுவும் அதே கூத்தைக் காட்டியது. உண்மையான குற்றவாளி எங்கே ஒளிந்திருந்தான் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவனைப் பிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதுமாக இருந்தன.

முதலில், வேனுக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு பேட்டரிகள். எஞ்சினைக் கிளப்புவதற்கு ஒன்று. அது சில விநாடிகள் மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இன்னொன்று வீட்டுப் பேட்டரி. விளக்கு, விசிறி, தண்ணீர் பம்பு, குளிர்பதனப் பெட்டி எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. இது மெதுவாக, மணிக்கணக்கில் கொடுக்கும்படி செய்யப்பட்டது. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் இரண்டுமே சீக்கிரம் படுத்துவிடும்.

வீட்டுப் பேட்டரியை நிரப்ப மூன்று வழிகள் உண்டு: எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், கூரையில் இருக்கும் சோலார் பேனல், நிறுத்துமிடத்தில் வெளி மின்சாரத்தில் செருகும் சார்ஜர். ஆல்டர்னேட்டருக்கும் வீட்டுப் பேட்டரிக்கும் நடுவில் ஒரு காவலாளி நிற்பான். பழைய வண்டிகளில் அது ரிலே. மின்னழுத்தம் ஏறத்தாழ 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். புதிய வண்டிகளில் பெரும்பாலும் டிசி-டிசி சார்ஜர் இருக்கும்; ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் வீட்டுப் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு அதை மாற்றிக் கொடுக்கும். இந்த வேறுபாடு மூன்றாவது படியில் முக்கியமாகும்.

படி 1: மீட்டரைச் சரியாகப் பிடிப்பது

சிவப்பு வயரை வோல்ட் என்று குறித்த துளையில் செருகுங்கள். திருகியை நேர்மின்சார வோல்ட் 20-இல் வையுங்கள். சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போதே மீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துவிட்டால், பேட்டரியை நேராகக் குறுக்கிணைத்தது போலாகிவிடும். தீப்பொறி பறக்கும், மீட்டரின் ஃபியூஸ் போகும். ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் முன் துளையை ஒருமுறை பாருங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் பிடிக்க வேண்டிய வேலை என்றால் எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். சோலார் இருந்தால் அதற்கும் முன்பாகப் பேனலைத் துண்டித்துவிடுங்கள். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்திருப்பதை, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர்கள் விரும்புவதில்லை. வெளி மின்சாரம் வரும் வயர்களைத் தொடக்கக்காரர்கள் தொடவே வேண்டாம். இந்தக் கட்டுரை முழுக்க 12 வோல்ட் பக்கத்தைப் பற்றியதுதான்.

படி 2: ஓய்வில் இருக்கும் பேட்டரி

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சார்ஜும் ஏறாதபடி சில மணி நேரம் விடுங்கள். இரவு முழுக்க விட்டுக் காலையில் வெயில் வரும் முன் அளந்தால் இன்னும் நல்லது. சார்ஜ் ஏறி முடிந்த உடனே அளந்தால் பேட்டரி பொய் சொல்லும்; மேலோட்டமாக ஏறிய மின்னழுத்தம் உண்மை நிலையை மறைத்துவிடும்.

ஈயப் பேட்டரி என்றால் 12.7 வோல்ட் அல்லது அதற்கு மேல் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8-க்குக் கீழே என்றால் காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் இதன் ஆயுள் குறையும். ஆகவே கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி (5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் என்பது போல) என்று எழுதியிருந்தாலும் மனதில் 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பெரும்பகுதி நேரம் அது 13.0-க்கும் 13.3-க்கும் இடையிலேயே நிற்கும். பிறகு திடீரென விழும். வோல்ட்டைப் பார்த்து அதன் நிலையைச் சொல்வது முகத்தைப் பார்த்துப் பசியை அளப்பது போல. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் ஷன்ட் மானிட்டர்தான் அதற்கு ஏற்றது. இன்னொன்று: 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக்கூடாது. உறையும் குளிரில் சார்ஜ் ஏற மறுக்கிறது என்றால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று தன் கடமையைச் செய்கிறது.

படி 3: எஞ்சினை ஓடவிட்டு இரண்டு இடங்களில் அளப்பது

எஞ்சினைக் கிளப்பிச் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். முதலில் எஞ்சின் பேட்டரியின் முனைகளில் அளந்து எழுதுங்கள். பிறகு வீட்டுப் பேட்டரியின் முனைகளில்.

எஞ்சின் பேட்டரியில் 14.4, வீட்டுப் பேட்டரியில் 12.3 என்று வந்தால் நடுவில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது: போன ஃபியூஸ், இயங்காத ரிலே, கழன்ற வயர். இரண்டிலும் 12.4 என்றால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். புதிய எஞ்சின்களில் எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக ஆல்டர்னேட்டரை வண்டியின் கணினியே கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் பேட்டரி நிரம்பியதும் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே இறக்கிவிடும். அந்த வண்டியில் பழைய வகை ரிலேயை மாட்டியிருந்தால் அது பாதி வழியில் பிரிந்துகொள்ளும். வீட்டுப் பேட்டரி பட்டினி கிடக்கும். எதுவும் பழுதில்லை, பொருத்தம்தான் இல்லை. டிசி-டிசி சார்ஜர்தான் அதற்குத் தீர்வு.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரு பக்கமும், எர்த்தை (பேட்டரியின் எதிர்முனையை) ஒப்பிட்டு அளங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

படி 4: வழியில் தொலையும் வோல்ட்

இனி வருவதுதான் என்னைக் கவிழ்த்த இடம். எஞ்சின் பேட்டரியில் 14.4, வீட்டுப் பேட்டரியில் 13.5. பார்த்தால் ஏதோ ஏறுகிறது, எல்லாம் நலம் என்று தோன்றும். ஆனால் ஈயப் பேட்டரி முழுதாக நிரம்ப 14.4 அளவு மின்னழுத்தம் மணிக்கணக்கில் கிடைக்க வேண்டும். 13.5-இல் அது கடைசிப் பகுதியை எட்டவே எட்டாது. நாள்தோறும் அரைகுறையாக நிற்கும், தகடுகளில் சல்பேட் படியும், மெல்லச் சாகும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பின்பக்கம் வரை 6 மீட்டர். போக வர 12 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இதன் தடை ஏறத்தாழ 0.035 ஓம். 20 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் கம்பியிலேயே வெப்பமாகிப் போய்விடும். அதையே 16 சதுர மில்லிமீட்டர் கம்பியாக்கினால் இழப்பு 0.26 ஆகக் குறையும்.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க அழகான ஒரு வழி உண்டு. சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது, மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றொன்றை வீட்டுப் பேட்டரியின் நேர்முனையிலும் வையுங்கள். தேவையானால் ஒரு நீள வயரால் நீட்டிக்கொள்ளலாம். மீட்டர் காட்டுவது அந்த வழியில் தொலைந்த வோல்ட். அதையே எதிர்முனைகளுக்கு இடையிலும் செய்யுங்கள். ரிலே வழியாக நேராக இணைந்த வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும். டிசி-டிசி சார்ஜர் இருந்தால் அதன் உள்ளீட்டு முனை வரை மட்டும் அளக்க வேண்டும்.

எனக்கு நேர்முனைப் பக்கம் 0.2 காட்டியது. எதிர்முனைப் பக்கம் 0.7. பேட்டரியின் எதிர்முனைக்கும் அதன் வயர் போய்ச் சேரும் சேஸிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) போல்ட்டுக்கும் இடையில் ஏறத்தாழ பூஜ்யம். போல்ட்டிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் பளபளக்கும் இரும்பைச் சுரண்டி முனையை வைத்தேன்: 0.6. அந்த அரை அங்குலத்தில்தான் எல்லாம் போயிருக்கிறது. போல்ட்டைக் கழற்றினால் லக்கின் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) அடியில் பெயின்ட், அதன் விளிம்பில் செந்துரு. போல்ட்டின் சில மரைகள் வழியாகத்தான் இத்தனை நாள் மின்சாரம் பிதுங்கிப் போயிருக்கிறது. முறுக்கியது வேறு யாருமில்லை, நான்தான். உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். பத்து நிமிட வேலை.

படி 5: சோலார்

பேனல் வயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, அவற்றின் முனைகளில் அளங்கள். 36 செல் கொண்ட வழக்கமான பேனல், எதனோடும் இணைக்காத நிலையில், நல்ல வெயிலில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது இருந்தும் பேட்டரி ஏறவில்லை என்றால் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரி வரையிலான ஃபியூஸைப் பாருங்கள். கூரையில் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே விளைச்சல் பெருமளவு சரிந்துவிடும். கன்ட்ரோலரில் பேட்டரி வகை சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

படி 6: தின்பது யார்?

ஏறுவது சரியாக இருந்தும் காலையில் காலி என்றால் செலவைப் பார்க்க வேண்டும். 45 வாட் கம்ப்ரஸர் குளிர்பதனப் பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும். நாளில் மூன்றில் ஒரு பங்கு ஓடினாலே 30 ஆம்பியர்-மணி. விசிறி 2 ஆம்பியரில் ஆறு மணி நேரம், இன்னொரு 12. விளக்கும் பம்பும் ஐந்து. பாதிப் பேட்டரி போய்விட்டது, இன்வெர்ட்டரை இன்னும் தொடவே இல்லை. 1000 வாட் கெட்டிலை இன்வெர்ட்டரில் போட்டால் 90 ஆம்பியருக்குக் குறையாது. தேநீர் குடிக்கலாம், ஆனால் விலை அதுதான்.

எல்லாம் அணைத்த பிறகும் கசிகிறதா என்று பார்க்க, எதிர்முனையைக் கழற்றி, சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மீட்டரைக் கழற்றிய வயருக்கும் முனைக்கும் இடையில் வையுங்கள். இந்த நிலையில் எஞ்சினைக் கிளப்பவோ பெரிய கருவியைப் போடவோ கூடாது. அரை ஆம்பியர் காட்டினால் நாளுக்கு 12 ஆம்பியர்-மணி வீண். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன். சும்மா இயங்கிக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டர்தான் பலமுறை மாட்டிக்கொள்ளும்.

படி 7: கடைசியில்தான் பேட்டரி

மற்ற எல்லாம் சரியென்றால் இப்போது சந்தேகப்படலாம். ஈயப் பேட்டரியை முழுதாக ஏற்றி, இரவு ஓய்வு கொடுங்கள். பிறகு 55 வாட் முகப்பு விளக்கு பல்பு ஒன்றை ஃபியூஸ் வழியாக மாட்டுங்கள். சூடாகும், தீப்பற்றாத இடத்தில் வையுங்கள். அது ஏறத்தாழ 4.5 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி இதைப் பத்து மணி நேரம் தாங்கி, பல்பைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்ந்தபின் 12.2 அருகில் நிற்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்திலேயே 11.5-க்கு இறங்கிவிட்டால் தயங்காமல் புதியது வாங்குங்கள். இரண்டு பேட்டரிகள் இணையாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; பழையது புதியதையும் தன்னோடு கீழே இழுத்துவிடும்.