ஐ.ஈ.எல்.ரி.எஸ். வரைபுக் கேள்வி: எங்கள் பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடங்கள்

யாழ்ப்பாணத்தில் ஐ.ஈ.எல்.ரி.எஸ். அகடமிக் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளிடம் எதற்குப் பயம் என்று கேட்டால், ரைட்டிங் என்ற எழுத்துப் பகுதியில் டாஸ்க் 2 கட்டுரையைத்தான் சொல்வார்கள். கொடுத்த படத்தை விவரித்து எழுதும் டாஸ்க் 1 பற்றிக் கேட்டால், "வரைபைப் பார்த்து எழுதுறதுதானே" என்று கடந்துவிடுவார்கள். கோட்டு வரைபு, சலாகை வரைபு, வட்ட வரைபு, அட்டவணை, நிலப்படம், செயன்முறைப் படம் என்று எதுவும் வரலாம். 150 சொற்களுக்குக் குறையாமல் எழுதவேண்டும். அதற்கு 20 நிமிடம் போதும் என்று வினாத்தாளே சொல்கிறது. நல்ல ஆங்கிலம் உள்ள பிள்ளைகளும் இங்கே வழுக்குவதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. அவர்களுக்குச் சொல்வளம் இருக்கிறது. படத்தை வாசிக்கும் முறையில்தான் பிழை.

பயிற்சிக்கு நானே போட்ட ஒரு கோட்டு வரைபை வைத்துக்கொள்வோம். ஒரு நகரத்தில் 1990 முதல் 2010 வரை மக்கள் எதில் வேலைக்குப் போனார்கள் என்பது படம். பஸ் 40 வீதத்திலிருந்து 20க்கு இறங்குகிறது. ரயில் 20இலிருந்து 30க்கு ஏறுகிறது. சைக்கிள் முழுக் காலமும் 10 வீதத்தை ஒட்டியே ஓடுகிறது.

இதைக் கண்டதும் பல பிள்ளைகள் 1990இல் பஸ் இவ்வளவு, 1995இல் இவ்வளவு, 2000இல் இவ்வளவு என்று ஒவ்வொரு புள்ளியாக எழுதத் தொடங்குவார்கள். மூன்று கோட்டுக்கும் இப்படியே எழுதி முடித்தால் 200 சொல் வந்துவிடும், ஆனால் படத்தில் என்ன நடந்தது என்று வாசிப்பவருக்குத் தெரியாது. பரிசோதகர் முதலில் தேடுவது முழுத்தோற்றத்தை, ஆங்கிலத்தில் ஓவர்வியூ என்கிறார்களே, அதைத்தான். பஸ் பாதியாகிவிட்டது, ரயில் அதை முந்திவிட்டது, சைக்கிள் மாறவில்லை. இவ்வளவுதான் முழுத்தோற்றம். இதில் ஒரு எண்கூடத் தேவையில்லை. தெளிவான ஓவர்வியூ இல்லாத விடைக்கு, கேட்டதைச் செய்திருக்கிறதா என்று பார்க்கும் டாஸ்க் அச்சீவ்மென்ட் என்ற பகுதியில் 9க்கு 5ஐத் தாண்டுவது மிகக் கடினம். அந்தப் பகுதி டாஸ்க் 1 மதிப்பீட்டில் கால் பங்கு. அறிமுக வசனத்துக்கு அடுத்த பந்தியாகவே இதை எழுதிவிடுங்கள். கடைசிக்கு என்று தள்ளிவைத்தால் நேரம் போய்விடும், பல விடைகளில் அது வராமலே போவதும் அப்படித்தான்.

அதற்குப் பிறகுதான் எண்கள். அவற்றிலும் தெரிவு வேண்டும். தொடக்கம், முடிவு, கூடியது, குறைந்தது, ஒரு கோடு இன்னொன்றை வெட்டும் இடம் என்பவை போதும். இந்த வரைபில் ரயில் பஸ்ஸை முந்திய காலத்தைச் சொல்லாமல் விட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டதாகவே கணக்கு.

எண்ணை எழுதும் விதத்திலும் பிழை வரும். "இன்க்ரீஸ்ட் பை 30 பெர்சென்ட்" என்று எழுதினால், 30 வீதத்தால் கூடியது என்று அர்த்தம். நீங்கள் சொல்ல வந்தது 30க்குப் போனது என்றால் "டு" தேவை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. 20 வீதம் 30 வீதமானால் அது 10 வீத அதிகரிப்பு ஆகாது. 10 பெர்சென்டேஜ் பொயின்ட்ஸ் கூடியிருக்கிறது, பழைய அளவோடு ஒப்பிட்டால் பாதி மடங்கு, அதாவது 50 வீதம் வளர்ந்திருக்கிறது. கணிதத்தில் 'ஏ' எடுத்த பிள்ளையும் அவசரத்தில் இதைக் குழப்பும். வேறொரு வரைபின் அச்சில் 'ஆயிரங்களில்' என்று போட்டிருப்பதைக் கவனிக்காமல் 45 பேர் ரயிலில் போனார்கள் என்று எழுதுவதும் இதே அவசரத்தின் பிள்ளைதான்.

காரணம் சொல்லும் பழக்கம் எங்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. 1990 என்றதும் யாழ்ப்பாணத்து ரயில் நின்ற ஆண்டு எங்கள் நினைவுக்கு வரும். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்பி வந்ததும் வரும். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயமாக இருந்தாலும், படத்தில் இல்லாத எதையும் விடையில் வைக்கக்கூடாது. பஸ் குறைந்ததற்கு மோட்டார்சைக்கிள் வாங்கியது காரணம், ரயில் கூடியது நல்ல விசயம், அரசு இன்னும் பாதை போடவேண்டும் என்றெல்லாம் எழுதினால் அவை டாஸ்க் 1இல் புள்ளி தராது, நேரத்தைத்தான் தின்னும். 'இன் மை ஒப்பினியன்' வரவேண்டிய இடம் டாஸ்க் 2.

செயன்முறைப் படம் வந்தால் பிரச்சினை வேறு. பனங்கிழங்கை எடுத்துப் பார்ப்போம். பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கி, மண் மூடி, கிழங்கு விழுந்ததும் கிண்டி, தோல் உரித்து, கிழித்துக் காயவிட்டால் ஒடியல். கிழங்கை அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். தமிழில் யார் செய்தார்கள் என்று சொல்லாமலே இத்தனை வேலையையும் ஒரே மூச்சில் அடுக்கிவிடலாம். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் முடியாது. அதனால் பிள்ளைகள் 'வீ', 'தே' என்று யாரையாவது கொண்டுவந்து ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்திவிடுகிறார்கள். செயப்பாட்டு வினைதான் இங்கே கைகொடுக்கும்: 'த சீட்ஸ் ஆர் பிளான்டெட்', 'த டியூபர்ஸ் ஆர் பொயில்ட்'. காலம் நிகழ்காலம். ஆனால் எல்லாவற்றையும் செயப்பாட்டில் போடவும் கூடாது. விதை தானே முளைக்கிறது, அங்கே 'த சீட்ஸ் ஜேர்மினேட்' என்றே எழுதவேண்டும். தவளையின் வாழ்க்கை வட்டம், நீர்ச்சக்கரம் போன்ற இயற்கைச் செயன்முறைகளில் பெரும்பாலும் செய்வினைதான் வரும்.

இதற்கும் ஓவர்வியூ வேண்டும். எத்தனை கட்டம், எங்கே தொடங்கி எதில் முடிகிறது, நேராகப் போகிறதா சுற்றி வருகிறதா என்று சொன்னால் போதும். பனங்கிழங்கு போல ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்றால், அந்தப் பிரிவையே ஓவர்வியூவில் சொல்லுங்கள், அதுதான் அந்தப் படத்தின் முக்கிய செய்தி. எண்களைப் போலன்றி, இங்கே கட்டங்களில் ஒன்றையும் விடக்கூடாது. 'ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி, தேர்ட்லி' என்று எண்ணிக்கொண்டு போவதைவிட, 'வன்ஸ்', 'ஆஃப்டர் விச்', 'பிஃபோர்' போன்றவற்றால் கோர்த்தால் வாசிக்க நன்றாக இருக்கும்.

நிலப்படத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திசைகளை வைத்து எழுதுங்கள், வலது இடது என்று எழுதாதீர்கள்.

சில ரியூசன் வகுப்புகளில் மனப்பாடம் செய்யக் கொடுக்கும் வசனங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 'ஸ்கைரொக்கெட்டெட்' (கிடுகிடுவென ஏறியது), 'பிளம்மெட்டெட்' (சடாரென விழுந்தது) என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள். 10 வீதத்தை ஒட்டி ஓடும் சைக்கிள் கோட்டுக்கு அந்தச் சொல்லை மாட்டிவிட்டால், சொல்லும் பிழை, செய்தியும் பிழை. கேள்வியில் உள்ள வசனத்தை அப்படியே எடுத்து அறிமுகமாக வைத்தால் அந்தச் சொற்கள் உங்கள் எண்ணிக்கையில் சேராது. 155 சொல் எழுதினேன் என்று நினைப்பவருக்கு உண்மையில் 130தான் இருக்கும். கேள்வியின் கருத்தை உங்கள் சொல்லில் ஒரே வசனத்தில் திருப்பி எழுதிவிட்டு நேரே ஓவர்வியூவுக்குப் போங்கள். 170, 180 சொல்லில் நிறுத்தலாம். டாஸ்க் 2க்கு இதைவிட இரண்டு மடங்கு பாரம் உண்டு. அதற்கு வைத்த 40 நிமிடத்தில் ஒரு நிமிடத்தைக்கூட இங்கே செலவழிக்காதீர்கள்.