குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகிறதா? இன்குபேட்டர் ஈரப்பதம் – என் அனுபவம்

தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் கருவி), ஃபேன் வைத்தது, வெப்பம் 37.5 டிகிரி. 18 நாள் வரை நன்றாக வளர்ந்த குஞ்சுகள் பொரிக்காமலே செத்தன. அந்த முட்டைகளை உடைத்தால் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை சின்னது, குஞ்சு உப்பி, சுற்றிலும் கொழகொழவென்று நீர். ஈரம் அதிகம் என்பதற்கு இதுதான் அடையாளம். ஈரப்பத மீட்டரோ 50 சதவீதம் என்றே காட்டியது.

முதலில் மீட்டரைத்தான் சோதிக்க வேண்டும். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் சொட்டி, மீட்டரோடு சேர்த்து டப்பாவில் காற்றுப் புகாமல் 12 மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 62 காட்டியது. ஆக, 50 என்று நம்பியது உண்மையில் 63 வாக்கில்.

இப்போது முதல் 18 நாளும், மீட்டரின் பிழையைத் திருத்திய கணக்கில், ஈரம் 45–50 சதவீதம். ஈரத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழமல்ல, பரப்பு. அகலத் தட்டை எடுத்துவிட்டு டம்ளர் வைத்தாலே இறங்கிவிடும். மீட்டரைவிடத் தராசைத்தான் நம்புவேன்: 45 கிராம் நாட்டுக்கோழி முட்டை 18ஆம் நாளில் 39–40 கிராம் இருக்க வேண்டும்.

அன்றே முட்டைகளை உருட்டுவதை நிறுத்தி, பெரிய தட்டும் நனைத்த ஸ்பாஞ்சும் வைத்து 65–70க்கு ஏற்றுங்கள். காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். ஓட்டில் கீறல் விழுந்தபின் மூடியைத் திறக்கவே கூடாது. ஈரம் சட்டென்று இறங்கி, உள்சவ்வு காய்ந்து காகிதம்போலக் குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். குஞ்சால் திரும்ப முடியாது. கீறலுக்குப் பிறகு 24 மணி நேரம்கூட ஆகலாம், பொறுங்கள். பொரித்த குஞ்சு ஒரு நாள் உள்ளேயே தீனியில்லாமல் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் இருக்கிறது.