ஆப்-ஆம்ப் மாதிரி சிமுலேஷனில் தவறும்போது சரிபார்க்கும் முறை

கோலாலம்பூரின் ஜாலான் பாசார் கடைகளில் 741 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிறு சிப்) சில ரிங்கிட்டுக்கே கிடைத்துவிடுவதால், மாணவர்கள் சிலர் சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனை அரைகுறையாக முடித்துவிட்டுச் சால்டரிங்கில் இறங்கிவிடுகிறார்கள். ஏசி ஆய்வின் (அதிர்வெண் மாற மாறப் பெருக்கம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வு) வளைவு அழகாக வந்துவிட்டதே என்பார்கள். அந்த வளைவை மட்டும் நம்பக் கூடாது.

ஸ்பைஸ் வகைச் சுற்று சிமுலேஷன் மென்பொருளில் முதலில் ஆப்-ஆம்ப்பின் நடத்தையை விவரிக்கும் மாதிரிக் கோப்பைத் திறந்து, துணைச்சுற்று (.SUBCKT) வரியில் முனைகள் எந்த வரிசையில் உள்ளன என்று பாருங்கள். பல கோப்புகளில் பிளஸ் உள்ளீடு, மைனஸ் உள்ளீடு, நேர்மின் வழங்கல், எதிர்மின் வழங்கல், வெளியீடு என்ற வரிசை இருக்கும். நீங்கள் வைத்த குறியீட்டின் முனை வரிசை இதனோடு பொருந்தாவிட்டாலும், எண்ணிக்கை சரியாக இருந்தால் மென்பொருள் எச்சரிக்காது.

உள்ளீடுகள் இரண்டும் இடம் மாறியிருப்பதுதான் மிகவும் ஏமாற்றும் பிழை. அப்போது பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதி உள்ளீட்டுக்குத் திரும்புவது) நேர்மறையாகிவிடுவதால், மேசை மேலுள்ள உண்மைச் சுற்றின் வெளியீடு மின்வழங்கலின் ஏதோ ஓர் எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். சிமுலேட்டரோ சமன்பாடுகளைத் தீர்ப்பதோடு நின்றுவிடுவதால், நிஜத்தில் ஒரு கணமும் நிலைக்காத சமநிலைப் புள்ளியை விடையாகக் கொண்டு, அதன்மேல் ஏசி ஆய்வை நடத்தி, பெருக்க வளைவைச் சரியாகவே வரைந்துவிடக்கூடும். காட்டிக்கொடுப்பது கட்ட (phase) வளைவுதான், அதாவது வெளியீட்டு அலை உள்ளீட்டு அலையைவிட எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று காட்டும் வளைவு: அதிர்வெண் ஏற ஏறப் பின்தங்க வேண்டிய கட்டம் முன்னேறிச் செல்லும். நேரப்போக்கில் வெளியீடு மாறுவதைக் காட்டும் டிரான்சியன்ட் ஆய்வில் உள்ளீட்டுக்குச் சிறு துடிப்பு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால் வெளியீடு எல்லைக்கு ஓடுவது தெரிந்துவிடும்.

ஏசி ஆய்வு நேரியல் கணக்கு என்பதால், ±15 வோல்ட் வழங்கலில் 1000 வோல்ட் வெளியீட்டைக் காட்டினாலும் அது பிழையன்று. அதேபோல் 741-இன் வெளியீடு மைக்ரோ நொடிக்கு ஏறத்தாழ 0.5 வோல்ட் வேகத்தில்தான் மாறும். 20 கிலோஹெர்ட்ஸில் 10 வோல்ட் உச்சமுள்ள சைன் அலை டிரான்சியன்ட் ஆய்வில் முக்கோணமாக வந்தால், மாதிரி ஒழுங்காக வேலை செய்கிறது என்றே பொருள். அந்த அதிர்வெண்ணில் சுமார் 4 வோல்ட் உச்சம் வரைதான் அலை உருக்குலையாமல் வரும்.

ஆய்வு தொடங்காமலே நின்றுவிட்டால், சுற்றில் 0 என்ற தரை முனை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளீடு மின்தேக்கி வழியாக மட்டுமே வருமானால், ஆப்-ஆம்ப்பின் அந்த உள்ளீட்டு முனையிலிருந்து தரைக்கு 100 கிலோஓம் மின்தடை ஒன்றை இணையுங்கள்.

மின்தடை மதிப்புகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஸ்பைஸில் எம் (M) என்ற எழுத்து, பெரியதோ சிறியதோ, மில்லியைத்தான் குறிக்கும். ஒரு மெகாஓம் வேண்டுமானால் எம், இ, ஜி (MEG) என்ற மூன்று எழுத்துகளையும் எழுத வேண்டும்.