பழைய டிவி கேம் கேசட்டை ஊதாதீர்கள், துடையுங்கள்

பரணிலிருந்து டிவி கேம் பெட்டியை இறக்கி மாட்டினால் திரை வெறுமனே சாம்பல் நிறத்தில் நிற்கிறதா? இல்லை, கோடு கோடாக ஓடுகிறதா? உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பெட்டி நன்றாகத்தான் இருக்கும், கேசட்டின் பின்களில்தான் அழுக்கு ஏறியிருக்கும். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

90-களில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம்களில் பல, நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். அதன் கேசட்டுக்கு அடியில் பார்த்தால் பக்கத்துக்கு 30 வீதம் மொத்தம் 60 பின்கள் இருக்கும். அதில் ஒன்றிரண்டு சரியாகத் தொடாவிட்டாலும் கேம் ஓடாது.

அந்தக் காலத்தில் நாம் எல்லோரும் செய்தது ஒன்றுதான். கேசட்டை உருவி, ஃபூ என்று ஊதி, திரும்பச் சொருகுவோம். கேமும் ஓடும். ஆனால் அதை ஓட வைத்தது ஊதல் இல்லை. உருவித் திரும்பச் சொருகும்போது பின்கள் உரசி வேறு இடத்தில் பதிகின்றன, அவ்வளவுதான். ஊதும்போது போகும் ஈரமோ உள்ளேயே தங்கி, நாளாவட்டத்தில் உலோகத்தைக் களிம்பு பிடிக்க வைக்கும். அதனால் இனி ஊதவே வேண்டாம்.

தேவையானவை: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பட்ஸ், பழைய பனியன் துணி. ஆல்கஹால், செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 99 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கை கழுவும் சானிடைசர் ஆகாது, அதிலுள்ள பிசுக்கு பின்மேல் படிந்துவிடும். அப்புறம், இது சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

முதலில் கரண்ட் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். பட்ஸின் நுனியை ஆல்கஹாலில் நனையுங்கள்; சொட்டக் கூடாது. பின்களை மேலிருந்து கீழாக, அவை இருக்கும் வாக்கிலேயே துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு இடுக்கில் போய் உட்காரும். முதல் பட்ஸ் அடுப்புக்கரியைத் தொட்டதுபோல் கறுத்து வரும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான். மூன்றாவது, நான்காவது பட்ஸில் சாம்பல் நிறம் வெளிறி, பின்கள் பளிச்சென்று தெரியத் தொடங்கும். பட்ஸ் வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடாதீர்கள். இருபக்கமும் செய்ய வேண்டும்.

அதற்கும் போகாத கறைக்கு மட்டும் வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒருமுறை அழிக்கலாம். அடிக்கடி செய்தால் பின்மேல் உள்ள பூச்சு தேய்ந்துவிடும்.

கேசட் மட்டும் சுத்தமானால் போதாது, பெட்டியின் சொருகுவாயும் சுத்தமாக வேண்டும். காலாவதியான ஏடிஎம் கார்டின் மேல் பனியன் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, லேசாக ஆல்கஹாலில் நனைத்து, நாலைந்து முறை விட்டு எடுங்கள். இறுக்கமாக இருந்தால் திணிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பின் வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. எல்லாம் முடிந்ததும் கால் மணி நேரம் காய விட்டு, கேசட்டைச் சொருகிப் பாருங்கள்.

அடாப்டர் விஷயத்தில் மிகவும் கவனம். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு எதற்கோ வந்த அடாப்டரை மாட்டாதீர்கள். வோல்ட் அளவும், நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பதும் பெட்டியில் போட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். சித்தப்பா வாங்கித் தந்த பெட்டியை இதைப் பார்க்காமல் மாட்டித்தான் இழந்தேன். இன்றும் மனசு கேட்கவில்லை.

புது டிவியில் மஞ்சள், வெள்ளை ஒயருக்கு இடம் இல்லையென்றால் ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் போதும். வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் அதில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத்தான் தேடுகிறது. தட்டை டிவியில் படம் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாக வருவதால் குறி தப்பிவிடும். அதற்கு டப்பா டிவிதான் வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் ஒன்று சும்மா கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போடுவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.